ஆசிரியர் கற்றால் அன்றோ மலையகம் கற்கும்!

(ஹட்டனில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் மேடைகளில் நாம் வழக்கமாகப் பேசும் பொருள்கள் சில உண்டு. சம்பளம், காணி, வீடு, வாக்குரிமை என்பன அவை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளத்தைச் சட்டப்படி பெறுவதற்கு 2021ஆம் ஆண்டு வரை காத்திருந்த ஒரு சமூகத்தின் மேடையில் இவற்றைப் பேசாதிருக்க முடியாது. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவற்றுக்கு அடியில் கிடக்கும் ஒரு பொருள். ஆசிரியர் கற்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மாணவர் கற்பதைப் பற்றிப் பேசாதார் இல்லை. மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் எங்கே கற்கிறார், யாரிடம் கற்கிறார், எப்போது கற்கிறார் என்ற கேள்வியைக் கேட்பவர்தாம் மிகச் சிலர்.

இதற்கு முதலில் ஓர் உதாரணம் கூறுவோம். இங்கிருந்து சிறிது தூரத்தில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையம் அது. 1946ஆம் ஆண்டில் தேயிலைச் செடியைக் கொப்புள நோய் தாக்கியபோது, அந்நோயின் இயல்பு யாது, எந்த மருந்தை எப்போது தெளிப்பது என்பதை ஆராய்ந்து தோட்டங்களுக்கு எடுத்துச் சொன்ன நிலையம் அது. புதிய கன்று வகை ஒன்று உண்டாக்கப்பட்டால் அச்செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தது. துரை ஒருவர் தம் மலையில் கண்ட குறையை நிலையத்துக்கு எழுதினால் பதில் வந்தது. அதாவது, தேயிலைச் செடிக்கு நோய் கண்டால் அறிவு அதனைத் தேடி வருவதற்கு நூறு ஆண்டுகளாக ஒரு வழி இருந்து வருகிறது.

அதே தோட்டத்துப் பாடசாலையில், நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்று வையுங்கள். அப்பிள்ளையின் ஆசிரியை யாருக்கு எழுதுவார்? யாரிடமிருந்து பதில் வரும்? இதுவே இன்றைய நமது கேள்வி.

தோட்டப் பாடசாலை வந்த வழி

இந்நிலை எப்படி வந்தது என்பதைச் சரித்திரம் அறியாமல் விளங்கிக்கொள்ள முடியாது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரையின் கையில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அப்பொறுப்பை மேலும் அழுத்திக் கூறியது. ஆனால், பிள்ளை படித்தால் கூலிக்கு ஆள் குறையும் என்று எண்ணியவரிடமே பிள்ளையைப் படிப்பிக்கும் பொறுப்பும் இருந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற தோட்டப் பாடசாலை இப்படித்தான் பிறந்தது. பல இடங்களில் அந்த ஆசிரியரே தோட்டத்தில் வேறு கடமையும் பார்த்தார்.

1945ஆம் ஆண்டில் டாக்டர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. நாடு முழுவதும் அதனைக் கொண்டாடியது, கொண்டாடத்தக்கதே. ஆனால் அந்த வெளிச்சம் லயத்து வாசலில் வந்து நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவன் பாடசாலை கேட்டால் எந்த அமைச்சர் செவிசாய்ப்பார்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, இப்பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. கன்னங்கராவின் இலவசக் கல்வி ஹட்டன் மலைகளில் ஏறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பாடசாலை வந்தது, ஆசிரியர் எங்கே? ஒரு தலைமுறை பள்ளிக்குப் போகாதிருந்தால் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். குளிரிலும் மழையிலும் நம் பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள் அவர்களுள் பலர்; அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆயினும் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவது மனித இயல்பு. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டின் உதவியும், பின்னர் ஜெர்மன் நாட்டின் உதவியும் கிடைத்தன. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலை பணி செய்தது. மலையகத்துப் பிள்ளைகளே மலையகத்துக்கு ஆசிரியராகும் காலம் அப்போதுதான் பிறந்தது.

ஆறாயிரம் ரூபா ஆசிரியர்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014, 2015ஆம் ஆண்டுகளில், பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று சுமார் 3,000 இளைஞரும் யுவதிகளும் ஆசிரிய உதவியாளர்களாக நியமனம் பெற்றார்கள். உயர்தரப் பரீட்சையில் தேறியவர்கள் அவர்கள். பயிற்சி பெற்றுத் தேறிய பின்னரே ஆசிரியர் சேவையில் சேரலாம் என்பது நிபந்தனை. அதுவரை அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு எவ்வளவு தெரியுமா? 6,000 ரூபா! பல போராட்டங்களுக்குப் பின் அது 10,000 ரூபா ஆயிற்று. வகுப்பில் நின்று முழு ஆசிரியரின் வேலையைச் செய்தவருக்குக் கிடைத்த பெயரோ உதவியாளர். பஸ் கட்டணத்துக்கும் கலாசாலைச் செலவுக்கும் கடன் பட்டுக்கொண்டு அவர்கள் படித்தார்கள்.

இதை நாம் ஏன் நினைவூட்டுகிறோம்? ஆசிரியர் கற்பது அவருடைய சொந்த விவகாரம், செலவும் அவருடையது, களைப்பும் அவருடையது, பயன் மட்டும் நாட்டினுடையது என்ற எண்ணம் ஆட்சியாளரிடத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தைப் பிடுங்கி எறியாமல், கணினி வந்தாலும் இணையம் வந்தாலும் பயனில்லை.

பயிற்சி முடிந்த பிறகு அந்த ஆசிரியையின் நிலை யாது? பொகவந்தலாவைக்கு அப்பால், பஸ் நின்றுவிடும் இடத்திலிருந்து கால்நடையாகப் போகவேண்டிய ஒரு தோட்டத்துப் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். கணிதத்துக்கு ஒரே ஆசிரியை அவர்தான். தம் பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு அப்பாடசாலையில் இன்னொருவர் இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்தால் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கருத்தரங்கு என்று அழைப்பு வரும். ஒருவர் பேசுவார், ஐம்பது பேர் குறிப்பெடுப்பார்கள், வரவுப் பதிவில் கையெழுத்து வைப்பார்கள், வீடு திரும்புவார்கள். மறுநாள் வகுப்பில் அதே கரும்பலகை, அதே பிள்ளைகள், அதே சந்தேகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

தொழிலைத் தொழிலாளரிடமே கற்றல்

தொழில் ஒன்றை மனிதர் எப்படிக் கற்கிறார்கள்? கொழுந்து பறிக்க நம் தாய்மார் எந்தக் கலாசாலையில் கற்றார்கள்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே ஒடிக்க வேண்டும், வங்கி இலையை எப்படி விட வேண்டும் என்பதை, அதே நிரையில் பக்கத்தில் நின்ற மூத்தவரின் விரலைப் பார்த்தே கற்றார்கள். கையும் கண்ணும் வாயும் ஒன்றாய்க் கற்ற கல்வி அது. உருளைக்கிழங்குச் செய்கையில் இலை கருகினால் கமக்காரர் என்ன செய்கிறார்? பக்கத்துக் காணிக்காரரிடம் போய்க் கேட்கிறார். இருவருமாய்ச் செடியைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்.

எங்கள் தொழிலும் இதற்கு விலக்கன்று. சட்டப் பரீட்சையில் தேறிய அன்றே ஒருவர் வழக்கறிஞராகிவிடுவதில்லை. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்து, அவர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைக் கண்டு, மாலையில் அதைப் பற்றிப் பேசித்தான் வழக்கறிஞராகிறார். அதுமட்டுமன்று. கொழும்பில் உயர்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அச்சாகி நுவரெலியாவில் உள்ள வழக்கறிஞரின் மேசைக்கு வருகிறது. ஒருவர் வென்ற வாதம் மற்றவர்க்கு முன்தீர்ப்பாகிறது. ஆசிரியர் தொழிலில் அப்படி ஒரு தொகுப்பு உண்டா? மஸ்கெலியாவில் ஓர் ஆசிரியை பின்னம் கற்பிக்கச் சிறந்த வழியொன்றைக் கண்டுபிடித்தால் அது அவர் ஓய்வு பெறும் நாளில் அவரோடு போய்விடுகிறதே!

ஜீன் லேவ், எத்தியென் வெங்கர் என்னும் இரு அறிஞர்கள் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதனையே ஆராய்ந்தார்கள். மேற்கு ஆபிரிக்காவில், லைபீரிய நாட்டுத் தையற்காரரிடம் தொழில் பழகும் இளைஞர் எப்படிக் கற்கிறார்கள் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று. விளிம்பில் நின்று சிறு வேலை செய்பவன், தொழில் செய்வோரின் கூட்டத்தில் சிறிது சிறிதாக உள்ளே வந்து, முழுத் தொழிலாளி ஆகிறான் என்பது அவர்கள் கண்ட உண்மை. உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று பெரிதாய்ப் பேசும் இந்தக் கருத்தை நம் கொழுந்து நிரை ஒன்றரை நூற்றாண்டாக அறியும்.

ஆனால் தனிமையில் நிற்கும் ஆசிரியைக்கு அந்த நிரை எங்கே? இங்கேதான் தொலைக் கல்வியும் இணையமும் நம் கவனத்துக்கு வருகின்றன.

தபாலிலிருந்து இணையத்துக்கு

தூர இருந்து ஆசிரியர் கற்பது இலங்கைக்குப் புதியதன்று. 1980களில், பயிற்சி பெறாத ஆசிரியர் பல்லாயிரவர் இருந்தபோது, எல்லோரையும் கலாசாலைகளில் சேர்க்க இடமில்லை என்று கண்ட கல்வி அமைச்சு, அச்சிட்ட பாடங்களை அனுப்பியும் இடையிடையே ஆசிரியரைக் கூட்டியும் பயிற்சி அளித்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் அப்பணியைத் தொடர்ந்தது. அம்முறையைக் கலாசாலைப் பயிற்சியோடு ஒப்பிட்டு ஆராய்ந்த வெளிநாட்டு அறிஞர்கள், செலவு மிகக் குறைவு என்று கண்டார்கள்.

1980ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாவலையில் அதன் தலைமையகம். கண்டியில் பிராந்திய நிலையம். ஹட்டனிலும் ஒரு கற்கை நிலையம். வேலையை விடாமல், வகுப்பை விடாமல், பட்டதாரி ஆசிரியர் கல்வியியலில் பட்டப்பின் டிப்ளோமா பெறும் வழியை அது திறந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அக்கல்வி நடைபெற்று வந்திருக்கிறது. மலையகத்துப் பட்டதாரி ஆசிரியர் பலருக்கு இதுவே கைக்கெட்டிய ஏணியாயிற்று.

2000களில், பொதுநலவாய நாடுகளின் கற்றலுக்கான அமைப்பின் துணையோடு, ஆசிரியருக்குக் கற்பிப்போருக்கென்று முதுகலைமாணிக் கல்வியொன்றை அப்பல்கலைக்கழகம் நடத்தியது. அதன் முறை சட்டக் கல்வியை ஒத்தது. முதலில் கோட்பாட்டைச் சொல்லிப் பின் பரீட்சை வைக்கவில்லை. பாடசாலையில் நிகழக்கூடிய ஒரு சிக்கலை முன்னே வைத்து, நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டது. பல இடங்களில் இருந்த ஆசிரியர்கள் இணையத்தின் வழியே அதைப் பற்றி வாதிட்டார்கள். ஒருவர் தீர்வை மற்றவர் ஆராய்ந்தார்.

அதற்குப் பின், 2015ஆம் ஆண்டை ஒட்டி, அதே பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தைச் சேர்ந்த பேராசிரியை சிரோனிகா கருணாநாயக்க முதலியோர் செய்த ஆராய்ச்சி ஒன்று நம் கவனத்துக்குரியது. ஒன்பது மாகாணங்களிலும் பட்டப்பின் டிப்ளோமா கற்றுக்கொண்டிருந்த ஆசிரியர்களைக் கொண்டு அது நடைபெற்றது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், மீண்டும் பகிரலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படும் பாடங்களுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்று பெயர். அவற்றைத் தேடவும், தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றவும், தாமே ஆக்கவும் அவ்வாசிரியர்கள் பழகினார்கள். தொடக்கத்தில் பலர் அப்பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. பாடநூலை ஒப்புவிப்பவராக இருந்தவர் தாமே பாடம் ஆக்குபவராகவும், தனித்து உழைத்தவர் சேர்ந்து உழைப்பவராகவும் மாறத் தொடங்கினர் என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம். அது கொழும்பில் மட்டும் நடந்ததன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இதில் நாம் காணும் உண்மை ஒன்று. இணையம் ஆசிரியராகிவிடாது. இணையம் ஒரு பாதை; அவ்வளவே. பொகவந்தலாவை ஆசிரியையும் மட்டக்களப்பு ஆசிரியரும் யாழ்ப்பாணத்து அதிபரும் ஒரே நிரையில் நிற்பதற்கு அப்பாதை உதவுமானால், ஒருவர் விரலை மற்றவர் பார்க்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்று ஒருவர் எழுதினால், அதே சிக்கலைத் தீர்த்த இன்னொருவரின் பதில் வரும். தேயிலைச் செடிக்குச் சென் கூம்ஸ் செய்ததைப் பிள்ளைக்கு ஆசிரியர் கூட்டமே செய்யும்.

தொற்றுநோய்க் காலம் காட்டிய பாடம்

ஆனால் பாதையும் எல்லோருக்கும் உண்டா? 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையத்தில் கற்பியுங்கள் என்று சொல்லப்பட்டது. லயத்து அறையில் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலைக்குப் போகும்போது அவரோடு போய்விடும். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள். தொலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மலை முகட்டில் ஏறி நின்றதை நாடு கண்டது. ஆசிரியரும் அவ்வாறே நின்றார். தம் சொந்தப் பணத்தில் இணையக் கட்டணம் செலுத்தியவரும் அவரே. 2021ஆம் ஆண்டு யூலை மாதம் நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிச் சம்பள முரண்பாட்டுக்கு எதிராக ஒக்டோபர் வரை போராடியபோது, அவர்கள் பிள்ளைகளை மறந்துவிட்டார்கள் என்று சிலர் தூற்றினர். ஆனால் அரசாங்கத்தின் பணியைத் தம் பையிலிருந்து நடத்தியவர்கள் அவர்கள் என்பதைத் தூற்றியவர்கள் சொல்லவில்லை.

ஆகவே, இணையத்தைப் புகழ்ந்து பேசி, சமிக்ஞைக் கோபுரத்தைப் பற்றிப் பேசாதிருப்பது ஏமாற்று வேலை.

நான்கு ஆட்சேபங்கள்

நாம் சொல்லும் கருத்துக்கு ஆட்சேபங்கள் உண்டு. வழக்கறிஞர் எதிர்க்கட்சியின் வாதத்தை மறைத்துப் பேசலாகாது.

முதலாவது: படித்த ஆசிரியர் போய்விடுவார். பட்டப்பின் தகுதி பெற்றவுடன் நகரப் பாடசாலைக்கு மாற்றம் கேட்பார். தோட்டத்துக்கு இழப்பே மிஞ்சும் என்பது. இது வெறும் வாதமன்று. நாம் கண்ணாற் காண்பது. ஆனால் இதற்கு மருந்து ஆசிரியரைப் படிக்கவிடாமல் வைப்பதா? அறியாமையால் ஒருவரைக் கட்டிப்போடுவது பழைய துரைமாரின் முறை. தோட்டத்துப் பாடசாலையில் தொடர்ந்து பணி செய்பவருக்கு விடுதியும் மேலதிகக் கொடுப்பனவும் தரமுயர்வில் முன்னுரிமையும் கொடுங்கள். ஆறாண்டு இருந்தவர் போக விரும்பினால் மரியாதையோடு அனுப்புங்கள். போனாலும் அவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார். நகரத்திலிருந்து தோட்டத்து ஆசிரியையின் கேள்விக்குப் பதில் எழுதுவார். கூடிக் கற்ற கல்வியின் சிறப்பு, கற்றவர் இடம் மாறினாலும் கல்வி இடம் மாறாதிருப்பது.

இரண்டாவது: சான்றிதழுக்காகவே படிக்கிறார்கள் என்பது. உண்மை, சிலர் அவ்வாறே படிக்கிறார்கள். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதிக் கொடுப்பாரும் உளர். ஆனால் சான்றிதழுக்குச் சம்பளத்திலும் தரத்திலும் கணக்கு வைத்தது அரசாங்கம். வகுப்பில் நடந்த மாற்றத்துக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆசிரியர் தம் வகுப்பில் எடுத்த ஒரு சிக்கலையும், அதற்குச் செய்த முயற்சியையும், அதனால் பிள்ளைகளிடம் விளைந்த பலனையும் கொண்டு தேர்வு நடத்தினால், பார்த்தெழுதுவது எளிதன்று. ஏனெனில் உங்கள் வகுப்புப் பிள்ளை இன்னொருவர் வகுப்பில் இல்லை.

மூன்றாவது: மொழி. உயர்ந்த கல்வியியல் நூல்களும் இணையப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் வருபவையும் சில வேளைகளில் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அவசரமாகப் பெயர்த்தவையாய், வாசிப்பவரைத் திணறச் செய்கின்றன. பட்டப்பின் டிப்ளோமாவுக்கு அப்பால் போக விரும்பும் தமிழாசிரியர் ஆங்கிலச் சுவரில் முட்டி நிற்கிறார். ஆங்கிலம் கற்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் தொழிலின் நுட்பத்தைத் தாய்மொழியில் சிந்திக்க இயலாத ஆசிரியர் அதைத் தாய்மொழியில் எப்படிக் கற்பிப்பார்? திறந்த கல்வி வளங்களைத் தமிழில் ஆக்கும் வேலையை மலையகத்து ஆசிரியரே செய்யலாம். லயத்தையும் பிரட்டுக் களத்தையும் பிள்ளைக் காம்பராவையும் அறிந்த ஒருவர் எழுதும் கணக்கு, கொழும்பு அலுவலகத்தில் எழுதப்படும் கணக்கை விட நம் பிள்ளைக்கு விளங்கும்.

நான்காவது: பெண்களின் நேரம். நம் ஆசிரியரில் பெரும்பாலார் பெண்கள். பகல் வகுப்பு, மாலை அடுப்பு, இரவு குழந்தை. இதற்கு மேல் இணைய வகுப்பா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கண்டிக்குப் பஸ் ஏறிப் போய்வருவதை விட வீட்டிலிருந்து கற்பது எளிது என்பது ஓரளவே உண்மை. வீட்டில் இருப்பவளுக்கு வீட்டு வேலை காத்திருக்கும். ஆகவே கற்கும் நேரம் கடமை நேரத்துக்குள் வரவேண்டும். கணவன்மாரும் அடுப்பங்கரைக்குள் வரவேண்டும். இரண்டாவதற்குச் சட்டம் இல்லை, மனம் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எழுத்தறியாமையை முற்றாக ஒழிப்பதையும், எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுவதற்கு எல்லோருக்கும் சமமான வாய்ப்பை உறுதி செய்வதையும் அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கூறுகிறது. படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அந்தக் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்றும் சொல்கிறது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டி வைத்தது போன்றது இது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டிய வயதெல்லை 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குச் சட்டம் உண்டு. அனுப்பிய பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரை அனுப்பாத அரசாங்கத்துக்குச் சட்டம் எங்கே?

நீதிமன்றக் கதவு அடைபட்ட இடத்தில் மக்கள் மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் கல்வி அதிகாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்கு வந்தது. ஆகவே கொழும்பைக் கேட்க வேண்டியதைக் கொழும்பிடமும், கண்டியைக் கேட்க வேண்டியதைக் கண்டியிடமும் கேட்போம். நம் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று, ஆசிரியர் கற்பதற்கு வாரத்தில் அரை நாளைக் கடமை நேரமாகக் கணிக்க வேண்டும். இரண்டு, அருகருகே உள்ள பாடசாலைகள் சிலவற்றுக்குப் பொதுவாக ஒரு பாடசாலையில் நல்ல இணைய இணைப்பும் கணினியும் உள்ள அறையொன்றை ஆசிரியருக்கென ஒதுக்க வேண்டும், கட்டணம் அரசாங்கத்தினுடையது. மூன்று, பட்டப்பின் கல்வியை டிப்ளோமாவுக்கு மேலும் தமிழில் கற்க வழி செய்ய வேண்டும். தமிழில் வளம் ஆக்கும் ஆசிரியருக்கு அதற்குரிய மதிப்பைப் பதவி உயர்வில் வழங்க வேண்டும். நான்கு, படிப்பு முடிந்த பின்னும் அக்கூட்டத்தைக் கலைக்காமல், மூத்த ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் தொடர்ந்து நடத்த வேண்டும். ஐந்து, தோட்டப் பாடசாலையில் தங்கிப் பணி செய்வோருக்கு விடுதியும் மேலதிகக் கொடுப்பனவும் தர வேண்டும்.

இவற்றுள் எதுவும் வானத்தைப் பிடித்துத் தா என்னும் கோரிக்கையன்று. சமமான வாய்ப்பு என்று எழுதியவர்கள் அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்பதே நம் வழக்கு.

பெற்றோருக்கும் படித்தோருக்கும்

அரசாங்கம் செய்யும் வரை கை கட்டி நிற்போமா? ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள், 1960களில், வகுப்பறைக்கு வெளியே இளைஞரைக் கூட்டிப் படிப்பித்தும் விவாதித்தும் ஒரு தலைமுறையை எழுப்பினார்கள். அன்று அவர்களுக்கு இணையம் இல்லை. கூடும் மனம் இருந்தது. அந்த மனம் இல்லாத இடத்தில் இணையம் வெறும் கம்பி.

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே வட்ஸ்அப் குழுக்கள் உண்டு. சுற்றறிக்கையும் வாழ்த்துச் செய்தியும் அதில் வருகின்றன. வாரத்துக்கு ஒரு கேள்வி அதில் வரட்டும். இந்த வாரம் என் வகுப்பில் விளங்காத பாடம் இது என்று ஒருவர் துணிந்து எழுதட்டும். கேட்டவரைப் பரிகசிக்காத கூட்டமே கற்கும் கூட்டம். அதிபர்மாரே! தெரியாது என்று சொல்லும் ஆசிரியரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தெரியாததை மறைப்பவரால்தான் பிள்ளைக்குக் கேடு.

பொறியியலாளராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் உயர்ந்து, கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் மலையகத்தின் மக்களே! புலமைப்பரிசில் நிதிக்குக் காசோலை அனுப்புகிறீர்கள், வாழ்த்துகிறோம். அதோடு மாதம் ஒரு மணி நேரம், உங்கள் துறையின் பாடம் ஒன்றைப் பற்றி ஆசிரியரோடு பேசுங்கள். ஓர் ஆசிரியருக்குச் சொன்னது ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

தாய்மார்களே, கமக்காரப் பெரியோர்களே! இது படித்தவர் விவகாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உங்களுக்கு ஆசனம் உண்டு. கட்டடம் எப்போது வரும், மதில் எப்போது எழும் என்று கேட்கிறீர்கள். இனி இன்னொன்றையும் கேளுங்கள். எங்கள் டீச்சர் இந்த ஆண்டு என்ன கற்றார், அதற்கு நாம் என்ன உதவி செய்யலாம் என்று கேளுங்கள். குற்றம் பிடிக்கும் குரலில் கேட்காமல் கூடப் பிறந்தவரின் குரலில் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் கேளுங்கள், எங்களிடமும் கேளுங்கள்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். இத்தனை மக்களின் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பது சில ஆயிரம் ஆசிரியரின் கையில் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக இந்த மலையிலிருந்து கொழுந்து இறங்கிப் போயிற்று. அதை வளர்க்கும் அறிவு செடியைத் தேடி ஏறி வந்தது. இனி அறிவு பிள்ளையையும் தேடி ஏறி வரட்டும். அதற்கு முதலில் அதனைத் தாங்கி வரும் ஆசிரியருக்கு நேரத்தையும் வழியையும் மதிப்பையும் பெற்றுக் கொடுப்போம். அடுத்த மாதம் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறோம்.